வெற்றிக்கணக்கும் இழப்புக்கணக்கும்: 1942 ஏப்பிரல் வான்போர் பற்றிய எழுத்துக்கள் – ஒரு நோக்கு

மட்டக்களப்புக்கு அப்பால், கரையிலிருந்து சில மைல் தொலைவிலே, ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஒரு பெருங்கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பெற்ற முதற் கப்பல் எனக் கூறப்படும் ‘ஹெர்மீஸ்’ அது. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி முற்பகலில் யப்பானியக் குண்டு வீச்சு விமானங்கள் அதனைத் தாக்கின. ஏறத்தாழ நாற்பது குண்டுகள் பட்டு அரை மணி நேரத்துக்குள் அது மூழ்கியது. கப்பற்றலைவர் ஒன்சுலோ உட்பட 307 பேர் அதனோடு மாண்டனர். துணையாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான ‘வம்பயர்’ என்பதும் உடன் மூழ்கிற்று. ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் அறுநூறு பேர் அளவினரைக் கடலிலிருந்து மீட்டது. இவற்றுள் எதனையும் எவரும் மறுத்ததில்லை. தாக்கியவர் கூறியதும் தாக்குண்டவர் கூறியதும் ஈண்டு ஒன்றாகவே அமைந்தன.

அதே காலையில் திருகோணமலைக்கு மேலும், அதற்கு நான்கு நாள்களுக்கு முன் உயிர்த்த ஞாயிறன்று கொழும்புக்கு மேலும் நிகழ்ந்த வான்போர்களின் நிலை அத்தகையதன்று. வானிலே எத்தனை விமானங்கள் வீழ்ந்தன என்ற எளிய வினாவுக்கு அன்று ஒரு விடையும் பின்னர் வேறொரு விடையும் கிடைத்தன. வீழ்த்தியவர் கூறிய எண்ணை வெற்றிக்கணக்கு எனவும், வீழ்ந்தவர் தம் ஏட்டிற் குறித்த எண்ணை இழப்புக்கணக்கு எனவும் கொள்ளலாம். இவ்விரண்டுக்குமிடையே உள்ள தொலைவை அளந்தறிவது போர்க்கலை பயில்வோருக்கு மட்டுமே உரிய பணியன்று. அது பனுவலை வாசிக்கும் முறை பற்றிய வினாவாதலின் இலக்கிய மாணவரையும் வரலாற்று மாணவரையும் ஒருங்கே சார்ந்ததாகும்.

ஏப்பிரல் 5ஆந் திகதி நிகழ்ந்ததன் சுருக்கம் இது. அட்மிரல் நகுமோவின் தலைமையில் வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட 120க்கு மேற்பட்ட விமானங்கள் புச்சிடாவின் வழிகாட்டலிற் கொழும்பைத் தாக்கின. அவற்றை எதிர்க்க இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைக்கப்பட்டிருந்த ஓடுதளத்திலிருந்தும் ‘ஹரிக்கேன்’, ‘புல்மர்’ ஆகிய போர் விமானங்கள் நாற்பது அளவில் எழுந்தன. முன்னறிவித்தல் உரிய வேளையிற் கிட்டாமையால், பகைவர் தலைக்கு மேல் வந்துவிட்ட பின்னரே பல விமானங்கள் மேலெழ நேர்ந்தது. திருகோணமலையிலிருந்து கொழும்பு நோக்கி வந்துகொண்டிருந்த ‘சுவோர்ட்பிஷ்’ விமானங்கள் ஆறும் இடைவழியில் வீழ்த்தப்பட்டன.

இந்நிகழ்வைப் பற்றி மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட எழுத்து வின்ஸ்ரன் சேர்ச்சில் எழுதிய இரண்டாம் உலகப்போர் வரலாற்றின் நான்காம் தொகுதியாகும். 1950 – 51இல் வெளிவந்த அத்தொகுதியில் இலங்கைக்கும் வங்காள விரிகுடாவுக்கும் ஒரு தனி அதிகாரம் ஒதுக்கப்பட்டுள்ளது. கொழும்பு வான்போரிற் பகைவரின் 21 விமானங்கள் அழிக்கப்பட்டன என்றும், அதற்கு ஈடாகப் பிரித்தானியர் 19 போர் விமானங்களையும் 6 ‘சுவோர்ட்பிஷ்’ விமானங்களையும் இழந்தனர் என்றும் சேர்ச்சில் எழுதுகிறார். 21க்கு 25 என்பது ஏறத்தாழச் சமமான போர். வாசகர் மனத்திலே தோல்வி என்ற எண்ணம் எழாது. வலிமை மிக்க பகைவனோடு நின்று பொருது அவனுக்கும் ஏறக்குறைய அதே அளவு இழப்பை விளைத்த பெருமிதமே எழும்.

யப்பானியரின் ஏடுகள் வேறு கதை கூறுகின்றன. யப்பானியக் கடற்படையின் ஒவ்வொரு விமானந்தாங்கிக் கப்பலும் தன் விமானப் பிரிவு மேற்கொண்ட ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு செயலறிக்கை எழுதி வைத்தது. எந்த விமானத்தில் எவரெவர் சென்றனர், எத்தனை குண்டு வீசினர், எவர் திரும்பினர், எவர் திரும்பவில்லை என்பன அதிற் பெயர்வரிசையாக இடம்பெறும். 1945 ஓகத்தில் யப்பான் சரணடைந்த வேளை பெருந்தொகையான படைத்துறை ஆவணங்கள் எரிக்கப்பட்டபோதிலும் இவ்வறிக்கைகளிற் பல தப்பின. அவற்றின்படி ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்புக்கு மேல் யப்பானியர் இழந்த விமானங்கள் ஏழு. அவற்றுள் ஒன்று ‘சீரோ’ போர் விமானம். ஆறு, பாய்ந்து குண்டெறியும் விமானங்கள். திருகோணமலைக்கு மேல் 9ஆந் திகதி இழந்தவை மூன்று ‘சீரோ’ விமானங்களும் இரண்டு குண்டு வீச்சு விமானங்களுமாக ஐந்து. அங்கும் பிரித்தானியர் கோரிய எண் இதனிலும் பல மடங்காகும்.

இரு தரப்பு ஏடுகளையும் நாள்வாரியாகப் பக்கத்திற் பக்கம் வைத்து நோக்கிய முயற்சிகளுட் குறிப்பிடத்தக்கது கிறிஸ்ரோபர் ஷோர்ஸ், பிறையன் கல் ஆகிய ஆங்கில ஆய்வாளர் இருவரும் யசுஹோ இசாவா என்னும் யப்பானிய ஆய்வாளரும் இணைந்து எழுதி 1993இல் இரண்டாந் தொகுதி வெளிவந்த நூலாகும். அந்நூலின் சிறப்பு புதிய வீரக்கதைகளைத் தந்தமையில் அன்று, ஒருவன் சுட்டதாகக் கூறும் வேளையில் மற்றவனுக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவைச் சலியாது கேட்டமையிலே தங்கியுள்ளது. யப்பானியப் பாதுகாப்புத்துறை வெளியிட்ட போர் வரலாற்று வரிசையில் வங்காள விரிகுடா நடவடிக்கைகளைக் கூறும் 26ஆந் தொகுதியும் 2018இல் ஆங்கிலத்தில் வெளிவந்துள்ளது. இலங்கை வாசகர் இன்று ஒரு தரப்பு நூலை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

சேர்ச்சிலின் கூற்றை வெறும் எண்பிழை எனக் கொண்டு கடந்துவிடுதல் எளிது. ஆயின் அவருடைய முந்திய தொகுதியோடு இதனை ஒப்பு நோக்கும்போது பிழையின் தன்மை தெளிவாகின்றது. 1940 செத்தெம்பர் 15ஆந் திகதி இங்கிலாந்தின் வானில் நடந்த பெரும்போரில் 185 யேர்மன் விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக அன்று அறிவிக்கப்பட்டது. போர் முடிந்தபின் யேர்மன் வான்படையின் வழங்கற் பகுதி ஏடுகள் பிரித்தானியர் கைக்கு வந்தன. 1949இல் வெளிவந்த தம் இரண்டாந் தொகுதியிற் சேர்ச்சிலே அந்நாளைய உண்மையான இழப்பு 56 எனத் திருத்தி எழுதினார். அவ்வாண்டு வான்போர் முழுவதற்குமாகப் பிரித்தானியர் கோரிய 2,698 என்ற எண்ணுக்கு அருகே, உண்மை இழப்பான 1,733 என்பதையும் அட்டவணையாகத் தந்தார். தம் தரப்பினரின் மிகையைத் தாமே வெளிப்படுத்திய அந்நேர்மை பாராட்டத்தக்கது.

அதே ஆசிரியர் இலங்கை பற்றி எழுதியபோது 21 விமானங்கள் “அழிக்கப்பட்டன” என்றே எழுதினார். அழிக்கப்பட்டதாகக் கோரப்பட்டன என்று எழுதவில்லை. யேர்மன் ஏடுகள் கையில் இருந்தன. யப்பானிய ஏடுகள் அவ்வாறு அவர் முன் இருக்கவில்லை. ஏடு கிடைத்த இடத்தில் திருத்தமும், கிடையாத இடத்திற் கோரிக்கையே உண்மையாகவும் அமைந்துவிட்டன. 185க்கும் 56க்கும் உள்ள விகிதம் மூன்று மடங்குக்குச் சிறிது மேல். 21க்கும் 7க்கும் உள்ள விகிதம் சரியாக மூன்று மடங்கு. ஓரிடத்தில் மும்மடங்கு மிகை நேர்ந்ததை அறிந்த வரலாற்றாசிரியன், சான்று கிட்டாத மற்றோரிடத்தில் அதே ஐயத்தைக் குறிப்பாகவேனும் புலப்படுத்தியிருத்தல் வேண்டும். சான்றின்மை என்பது கோரிக்கைக்குச் சான்றாகிவிடாது.

இவ்வெண்ணின்மேல் அவர் எழுப்பிய முடிவு இன்னும் ஆய்வுக்குரியது. கொழும்பிலும் திருகோணமலையிலும் எதிர்ப்பட்ட உறுதியும் தாம் அடைந்த விமான இழப்பும் யப்பானியரை மேலும் முன்னேறாது தடுத்தன என்ற கருத்தைச் சேர்ச்சில் முன்வைக்கிறார். உண்மையில் நகுமோவின் வருகை இலங்கையைக் கைப்பற்றும் படையெடுப்பு அன்று. அது பிரித்தானியரின் கிழக்குக் கடற்படையைத் தேடி அழித்து மீளும் நோக்கினதான ஒரு திடீர்த் தாக்குதலே. அது முடிந்ததும் கப்பல்கள் தம் நாடு நோக்கித் திரும்பின. அவற்றுள் இரண்டு பவளக் கடற் போருக்கும், எஞ்சிய மூன்றும் மிட்வேப் போருக்கும் சென்றன. ஏழும் ஐந்துமாகிய இழப்பு, பயிற்சி மிக்க ஓட்டிகளை உடன் கொண்டு சென்றமையாற் சிறிதென ஒதுக்கத்தக்கதன்று. எனினும் ஒரு பெருங்கடற்படையின் திசையை மாற்றிய காரணம் அதுவே எனக் கூறுவதற்கு 21 என்ற எண் தேவைப்படுகிறது. அடித்தளக் கல்லை உருவியதும் அம்முடிவும் ஆட்டங் காண்கின்றது.

வெற்றிக்கணக்கு ஏன் இவ்வாறு பெருகுகின்றது? பொய்யுரைத்தல் என்ற ஒரே சொல்லால் இதனை விளக்க முனைவது போராடியவருக்கு இழைக்கும் அநீதி. ‘ஹரிக்கேன்’ விமானத்தின் துப்பாக்கிகளில் இருந்த முழுக் குண்டும் கால் நிமிட அளவு தொடர்ந்து சுட்டால் தீர்ந்துவிடும். ஓட்டி சுடுவதோ ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று செக்கன் மட்டுமே. சுட்டதும், தன் பின்னால் எவனேனும் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தாக வேண்டும். பாராதவன் உயிரோடு மீளான். அக்கணத்தில் இலக்கான விமானம் கரும்புகை கக்கியபடி முகிலுள் மறையும். புகை வீழ்ச்சியின் அறிகுறியாகவும் இருக்கலாம். எந்திரத்தை முழு வேகத்தில் முடுக்கித் தப்புவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். ஒரே விமானத்தை மூவர் வெவ்வேறு கோணத்திற் சுட்டு, மூவரும் அது வீழ்ந்ததைக் கண்டால், மூவரும் உண்மையே உரைப்பர். அறிக்கைகளைக் கூட்டும்போது ஒன்று மூன்றாகும். தரையிலுள்ள பீரங்கிப் படையினரும் அதனையே தம் கணக்கிற் சேர்த்தால் நான்காகும். போர் கடலுக்கு மேல் நிகழ்ந்தால், எண்ணிப் பார்ப்பதற்குச் சிதைவும் எஞ்சாது.

இதனை உணர்ந்தே பிரித்தானிய வான்படை கோரிக்கைகளை, அழிக்கப்பட்டது, அழிந்திருக்கக்கூடியது, சேதமுற்றது என மூன்றாகப் பகுத்தது. களத்திலிருந்து திரும்பிய ஓட்டியை வினவி அறிக்கை எழுதுதற்கென அதிகாரிகள் இருந்தனர். ஆயினும் அரசின் அறிவித்தலுக்கும் செய்தித்தாளுக்கும் வரும்போது இப்பகுப்பு தேய்ந்து, உச்சமான எண்ணே எஞ்சிற்று. மிகை எத்தரப்புக்கும் தனியுரிமையன்று. 1940ஆம் ஆண்டுப் போரிற் பிரித்தானியரின் 3,058 விமானங்களை வீழ்த்தியதாக யேர்மனியர் கோரினர். பிரித்தானியர் இழந்த போர் விமானங்கள் 915 எனச் சேர்ச்சில் குறிப்பிடுகிறார்.

இழப்புக்கணக்கு ஒப்பளவில் நம்பத்தக்கதாவது ஏன் என்பதையும் நோக்குதல் வேண்டும். அது புகழுக்காக எழுதப்படுவதன்று. வழங்கற் பகுதிக்கு மறுநாள் எத்தனை விமானம் வேண்டும் என்பதை அறிவிக்கவும், எந்த வீட்டுக்கு இறப்புச் செய்தி அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கவும் எழுதப்படுவது. அங்கே ஓரெண்ணைக் குறைத்தால் மறுநாட் பறப்புக்கு விமானம் இராது. கூட்டினால் உயிரோடிருப்பவன் பெயர் இறந்தோர் வரிசையிற் சேரும். தேவையே அதனை நேர்மையுடையதாக்குகின்றது.

தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாடு புதியதன்று. மெய்க்கீர்த்தியும் நடுகல்லும் போரைப் பற்றியே பேசுகின்றன. முன்னது வென்ற வேந்தனின் வாயிலிலிருந்து எழுவது. பின்னது வீழ்ந்தவன் ஊரார் அவன் வீழ்ந்த இடத்தில் நாட்டியது. களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்கே பரணி உரியது என்று பாட்டியல் வகுக்கும்போது, அவ்வாயிரம் ஓர் இலக்கிய மரபின் எண் என்பதை எவரும் அறிவர். அதனைக் கலிங்கநாட்டின் யானைக்கொட்டிற் கணக்காகக் கொள்வாரில்லை. ஆயின் போர் அமைச்சின் அறிவித்தலில் வரும் எண்ணை மட்டும் எண்ணாகவே கொள்ளும் பழக்கம் இக்காலத்தவரிடம் நிலைத்துவிட்டது. அதுவும் ஒருவகை மெய்க்கீர்த்தியே என்பது மனங்கொள்ளற்பாலது.

பகைவனின் ஏட்டோடு ஒப்பு நோக்கும் முறையும் தென்னாட்டு வரலாற்றாய்விலே பழக்கமானதே. ஈழத்து மன்னனையும் முடியையும் கவர்ந்ததாகச் சோழர் கூறுவதை, தோற்ற தரப்பின் நூலான சூளவம்சமே ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்ட செய்தியால் உறுதிப்படுத்துகின்றது. ஆதலின் அக்கூற்று நிலைபெறுகிறது. மறுபுறத்தில், முதலாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் இலங்காபுரன் பாண்டிநாட்டிற் பெற்ற வெற்றிகளைச் சூளவம்சம் விரித்துரைத்து, அவனது முடிவைக் கூறாமலே நின்றுவிடுகின்றது. அவன் தலை மதுரை வாயிலில் ஆணியால் அறையப்பட்ட செய்தியைச் சோழர் காலத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுத் தருகின்றது. ஒரு தரப்பின் மௌனத்தை மறுதரப்பின் கல் நிரப்புகின்றது. ஷோர்ஸ் முதலியோர் வான்போருக்குச் செய்ததும் இதுவே.

எனினும் இழப்புக்கணக்கும் ஐயத்துக்கு அப்பாற்பட்ட வேதமன்று. தளம் திரும்பியபின் பழுதுபார்க்க இயலாது கைவிடப்பட்ட விமானம் எக்கணக்கிற் சேரும்? எந்திரக் கோளாறாற் கடலில் இறங்கியதென ஓர் ஏடு குறிப்பிடும் விமானத்தின் கோளாறு முந்திய நிமிடத்திற் பட்ட குண்டால் விளைந்ததா? போர்க்களத்து இழப்பை விபத்து என எழுதும் இயல்பு எல்லாப் படைகளிலும் உண்டு. சில ஏடுகள் எரிந்தும் போயின. ஆகவே மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவது போதாது. இடம், வேளை, பிரிவு, ஓட்டியின் பெயர் என்பவற்றால் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒவ்வோர் இழப்போடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். பகைவனின் ஏடு என்பதற்காக அதனைத் தள்ளிய பழைய பிழைக்குப் பதிலாக, பகைவனின் ஏடு என்பதற்காகவே அதனை முழுதும் நம்பும் புதிய பிழையும் நேர்ந்துவிடக்கூடாது.

இந்நிலையில் மட்டக்களப்புக் கடலை மீண்டும் நோக்குதல் பயன் தரும். ‘ஹெர்மீஸ்’ பற்றிய கோரிக்கை ஏன் மிகையாகவில்லை? இலக்கு பெரியது. வானத்து வேகம் அதற்கு இல்லை. தன் விமானங்களைக் கரையில் விட்டு வந்தமையால் அதனைக் காக்க மேலே எவருமில்லை. உதவிக்குப் புறப்பட்ட விமானங்களும் காலந்தாழ்ந்தே வந்தன. தாக்கியவர் அச்சமின்றி நின்று பார்க்க முடிந்தது. அது மூழ்கும் வரை நூற்றுக்கணக்கான கண்கள் அதன்மேல் இருந்தன. அதே நாளில், அதே படைகள், அதே கடற்கரையில் இருவகைக் கணக்கைத் தந்தன. உண்மையுணர்வு ஒரு மணி நேரத்தில் மாறிவிடவில்லை. காணும் வாய்ப்பே மாறியது. கோரிக்கையின் மதிப்பு, கோரியவனின் வீரத்தில் அன்று, அவன் எதனை எவ்வளவு நேரம் காண முடிந்தது என்பதிலே தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

மிகைக்கணக்காற் கெடுபவன் பகைவன் என்று எண்ணுதல் தவறு. 1944 ஒற்றோபரிற் போர்மோசாத் தீவருகே நிகழ்ந்த வான்போரில் 11 அமெரிக்க விமானந்தாங்கிகளை மூழ்கடித்ததாக யப்பானியத் தலைமை அறிவித்தது. உண்மையில் ஒரு விமானந்தாங்கிதானும் மூழ்கவில்லை. இரண்டு குறூசர்க் கப்பல்களே கடுஞ்சேதமுற்றன. இல்லாத அவ்வெற்றியை நம்பி, லூசோனில் நடத்தவிருந்த தீர்க்கமான தரைப்போரை லெயிற்றேத் தீவுக்கு மாற்றினர். அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட கப்பல்களே அங்கு எதிரே வந்து நின்றன. தன் மெய்க்கீர்த்தியைத் தானே வரலாறாக நம்பிய அரசு அதற்குரிய விலையைத் தன் படையினரின் உயிராற் கொடுத்தது.

இலங்கையின் பிற்கால வரலாற்றில் இவ்வினா இன்னும் நெருங்கி வந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது இரு தரப்பு அறிக்கைகளையும் நாள்தோறும் வாசித்து, கூறிய எண்ணுக்கும் திரும்பி வராதவர் எண்ணுக்குமிடையே உண்மையைத் தேடிய மக்கள் வாழ்ந்த மண் இது. அத்தகைய மண்ணிலே வரலாறு எழுதுவோர் வெற்றிக்கணக்கைக் கண்டவுடன் அதன் எதிர்க்கணக்கைத் தேடாதிருப்பின், அது புலமைக் குறைபாடு மட்டுமன்று; இறந்தவரை எண்ணாது விடும் குறைபாடுமாகும்.

உயிர்த்த ஞாயிறன்று கொழும்புக்கு மேல் எழுந்த இளைஞர் முன்னறிவித்தலின்றி, எண்ணிக்கையிலும் அனுபவத்திலும் தம்மை விஞ்சிய படையை எதிர்த்தனர். அவர்கள் வீழ்த்தியவை ஏழு என்பதால் அவர்தம் துணிவு மூன்றிலொன்றாகக் குறைந்துவிடுவதில்லை. இருபத்தொன்று என எழுதுவதே அவர்களுக்குத் தீங்கு செய்கின்றது. தாம் எவ்வளவு இடர்ப்பட்ட நிலையிற் போராடினர் என்பதை அவ்வெண் மறைத்துவிடுகின்றது. முன்னறிவித்தலைத் தர இயலாது போன தலைமையின் பொறுப்பையும் அதனோடு சேர்த்து மறைத்துவிடுகின்றது. அந்த ஏழு விமானங்களிற் சென்று திரும்பாதவரின் பெயர்களும் யப்பானிய ஏடுகளில் உள்ளன; ‘ஹெர்மீஸ்’ கப்பலில் மாண்டோர் பெயர்களும் பிரித்தானிய ஏடுகளில் உள்ளன. பெயரோடு கூடிய அக்கணக்கிலிருந்தே 1942 ஏப்பிரலின் வரலாறு எழுதப்படுதல் வேண்டும்.